சிந்தாத தண்ணீர்

1983 மே 19, வியாழக்கிழமை, மாலை 4.40.

வண்டியூர்த் தெப்பக்குளத்திற்குக் கிழக்கேயுள்ள மூன்றாம் தெருவில், தம் அண்ணன் காருக்குள் உறங்குகிறார் என்றெண்ணிய பிச்சுமணி, கண்ணாடியை இருமுறை தட்டினார். மூன்றாம் முறை தட்டவில்லை, கதவைத் திறந்தார். ஓய்வுபெற்ற அரசுப் பொறியாளர் சுப்பராமன் ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்தவாறு இறந்திருந்தார். முகம் நன்றாகச் சிவந்திருந்தது. உயிரோடிருந்த காலத்தில் அவர் அவ்வளவு ஆரோக்கியமாகக் காணப்பட்டதில்லை.

கார் 1966ஆம் ஆண்டின் அம்பாஸடர்; மேகமலைத் தேயிலைத் தோட்டமொன்றின் ஏலத்தில் வாங்கியது. டாஷ்போர்டின் கீழே பொருத்தியிருந்த ஏ.சி. வாங்கிய நாள்முதல் குளிரவில்லை. மெக்கானிக்குகளை நம்பாத சுப்பராமன் அதைத் தாமே பழுதுபார்த்தார். கம்ப்ரஸரின் சீலை மாற்றினார். குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு தேடினார். வாக்குவம் பம்பை மாட்டி, உள்ளிருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சினார். கேஜ் முள்ளைப் பார்த்துப் பார்த்துக் கேஸ் ஏற்றினார். ஏப்ரல் இறுதியில் வண்டி குளிர்ந்தது.

அன்றுமுதல் நாள்தோறும் பகல் இரண்டு மணிக்கு, ஷெட்டின் இரு கதவுகளையும் திறந்துவைத்து, சுவரைப் பார்த்து நின்ற காருக்குள் ஏறி, கண்ணாடிகளை உயர்த்தி, எஞ்சினை முடுக்கி, அக்னி நட்சத்திரத்தின் நடுவே அவர் ஒருவர் மட்டும் குளிர்ச்சியில் உறங்கினார். வீட்டில் மின்விசிறி ஒன்றுதான் இருந்தது. அதுவும் அவர் அறையில் இருந்தது.

மே 21, சனிக்கிழமை, காலை 10 மணி. காவல் நிலையம்.

குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர் மலையாண்டி வந்து சேர்ந்தபோது, சப்-இன்ஸ்பெக்டர் சோலை வழக்கை முடித்துவிட்ட களிப்பில் இருந்தார்.

"ஆளு கெடச்சாச்சுங்கய்யா. செல்லூர்ச் சுருளி. ஃபிரிட்ஜ் மெக்கானிக்கு. எஞ்சின் பொகைதான் கொன்னுருக்குன்னு டாக்டர் எழுதிட்டாரு. வண்டிக்கடியில பொகைக்குழாயில ஓட்டை. புதங்கெழமை இவந்தான் கீழ படுத்து வேலை பாத்துருக்கான். அன்னைக்கே பெரியவரோட சண்டை."

"ஒத்துக்கிட்டானா?"

"இன்னும் இல்லைங்கய்யா. திங்கக்கெழமை ரிமாண்டு. அதுக்குள்ள ஒத்துக்குவான்."

சுருளி பின்னறையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். வலக்கையில் ஈரத்துணி சுற்றியிருந்தது. துணிக்கு வெளியே தெரிந்த மூன்று விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தன.

"எந்த ஊருய்யா?"

"எழுமலைங்கய்யா. பட்டறை செல்லூர்ல."

"என்ன சண்டை?"

"கேஸ் டின்னும் ஓஸும் நாந்தாங்கய்யா வாங்கிக் குடுத்தேன். குளிர்ச்சி கொறையுதுன்னு வரச்சொன்னாரு. அடியில படுத்துப் பாத்தேன். ஏ.சி.யில ஒரு கசிவும் இல்ல. பொகைக்கொழாதான் துருவேறி ஓட்டையாக் கெடந்துச்சு. 'சாமி, ஷெட்டுக் கதவச் சாத்திக்கிட்டு எஞ்சினப் போட்றாதீக. தூங்குன ஆளு தூங்குனபடி போயிருவாரு, வாடைகூடத் தெரியாது'ன்னேன். எனக்கே பாடம் சொல்றியாடான்னு செருப்பக் கழட்டுனாரு."

"அப்பப் பக்கத்துல யாரு?"

"அவரு தம்பி பேப்பரு படிச்சுக்கிட்டு இருந்தாரு. அவரு வீட்டம்மா வண்டிக்கடியில, சொட்டுற தண்ணிக்கு ஏனம் வைக்கக் குனிஞ்சுக்கிட்டு இருந்தாக."

"வேலை செய்யுற கை எது?"

சுருளி துணி சுற்றிய கையைத் தூக்கிக் காட்டினான்.

காலை 11.30. ஷெட்.

சோலை எழுதிய குறிப்பு தெளிவாகவே இருந்தது: கதவுகள் திறந்திருந்தன. சாவி 'ஆன்' நிலையில் இருந்தது. டேங்கில் ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லை. காருக்கடியில், பேலா எனும் எவர்சில்வர்க் கிண்ணத்தில் பாதியளவு தண்ணீர்.

"இது என்னய்யா தண்ணி? ரேடியேட்டர் ஒழுகுதா?"

"ஏ.சி. தண்ணிங்கய்யா. உள்ள குளிர்ந்தா கீழ சொட்டுமாம். சுத்தமான தண்ணி, பேட்டரிக்கு ஊத்தலாம்னு பெரியவரு பிடிச்சு வைக்கச் சொல்லுவாராம்."

வைகையில் மணல் மட்டுமே ஓடிய ஆண்டு அது. மூன்று நாளுக்கு ஒருமுறைதான் குழாயில் நீர் வந்தது. மலையாண்டி காருக்குள்ளிருந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

'ஏப்ரல் 12. வெற்றிடம் எடுத்தேன். இரண்டு மணி நேரம் பம்பு நிற்கவில்லை. முள் அசையவில்லை, கசிவு இல்லை. மாலை நாகலக்ஷ்மி இறந்தாள்.

மே 2. பெட்ரோல் ஒன்றரை லிட்டர். எஞ்சின் சரியாக ஒரு மணி நேரம் ஓடி நின்றது. பேலா நாற்பது நிமிடத்தில் நிறைந்தது. அ. மாற்றினாள்.

மே 6. ஒன்றரை லிட்டர். அ. மாற்றத் தாமதித்தாள். தரையில் சிந்தியது. கரண்டி.

மே 19. ஒன்றரை லிட்டர் ஊற்றினேன்.'

அதற்குமேல் பக்கம் வெறுமையாக இருந்தது.

"சோலை, பேலா நெறைய நாப்பது நிமிசம். பாதின்னா?"

"இருபது நிமிசங்கய்யா. நானும் கணக்குப் போட்டேன். எஞ்சின் இருபது நிமிசந்தான் ஓடியிருக்கு."

"பெட்ரோலு ஒரு மணி நேரத்துக்கு ஊத்துனது. அம்புட்டும் தீந்து கெடக்கு."

"எங்கயாச்சும் ஒழுகியிருக்கும்யா."

"தரையில ஒரு தடம் இல்ல. வாடையும் இல்ல." மலையாண்டி குனிந்து புகைக்குழாயின் ஓட்டையை விரலால் தடவினார். துரு விளிம்பு உதிர்ந்து கையில் ஒட்டியது. "இது நேத்து முந்தாநாள் போட்ட ஓட்டை இல்ல. ரெண்டு கதவும் தெறந்து கெடக்கையில, இருபது நிமிசப் பொகையில தலைவலிதான்யா வரும். சாவு வராது."

 வழக்கை முடிக்கச் சோலைக்கு அந்த இருபது நிமிடம் போதுமானதாக இருந்தது.

பகல் 12.15. வீட்டினுள்.

பிச்சுமணி கூட்டுறவுச் சங்க அலுவலகமொன்றில் எழுத்தர். வியாழனன்று காலை பத்து முதல் மாலை நான்கேகால் வரை அவர் நாற்காலியைவிட்டு எழவில்லை என்பதை அலுவலகம் முழுவதும் உறுதி செய்திருந்தது.

"நாகலக்ஷ்மி யாருங்க?"

"அண்ணா பொண்ணு, சார். ஒரே பொண்ணு. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தா. மத்யானம் வலி எடுத்துடுத்து. வண்டில பம்பு மாட்டியிருந்தது. நடுவுல கழட்டினா குழாய்க்குள்ள ஈரம் ஏறிடும், இன்னும் ஒரு மணி நேரம் பொறுங்கோன்னார் அண்ணா. சைக்கிள் ரிக்ஷால அழைச்சுண்டு போனோம். பாலத்துக்கிட்டயே..." அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "அண்ணா பம்பை நிறுத்தலை, சார்."

"நீங்க?"

"நான் தம்பி. அவர் சொன்னா சொன்னதுதான்."

சுப்பராமனின் மனைவி அனந்தலக்ஷ்மி சமையலறையில் நின்றிருந்தார். ஐம்பத்து நான்கு வயது. வலது முன்கையில் ஒரே அளவான இடைவெளியில் மூன்று சூட்டுத் தழும்புகள் இருந்தன. மலையாண்டி 'கரண்டி' என்ற சொல்லின் பொருளை அங்கே படித்தார்.

"வியாழக்கிழமை என்னம்மா நடந்தது?"

"சாப்பிட்டார். ஒன்றரை மணிக்கு நான் படுத்துண்டேன். பிச்சு கத்தினப்பதான் எழுந்தேன்."

"நடுவுல எழுந்திரிக்கலையா?"

"இல்லை."

"வண்டிப் பக்கம்?"

"போகலை. பேலாவை முன்னாடியே வெச்சுட்டேன்."

அவருக்குப் பின்னால், அலமாரியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை, கழுத்தளவு நீர் நிறைந்த கண்ணாடிப் புட்டிகள் அணிவகுத்து நின்றன. ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. முதல் புட்டியில் 1 என்றும், கடைசிப் புட்டியில் 19 என்றும் இருந்தன. அந்தப் பேட்டரி மாதத்திற்கு ஒரு புட்டி நீர்கூடக் குடிக்காது.

"இம்புட்டும் ஏ.சி. தண்ணியா?"

"ஆமாம். நிறைஞ்ச பேலா புட்டிக்கு. மீதிப் பாதி துளசிக்கு. உடனே ஊத்தித் தேதி போடணும். அவர் உத்தரவு."

மலையாண்டி புட்டிகளை ஒருமுறை பார்த்தார், வெளியே வந்துவிட்டார்.

பகல் 1 மணி. மதிலுக்கு வெளியே, வேப்பமர நிழலில்.

துணி தேய்க்கும் செல்லத்தாய் கரிப்பெட்டியை ஊதியவாறே பேசினாள்.

"வியாழக்கெழமையா? ரெண்டு மணிக்கு வண்டிய முடுக்குனாரு. செத்த நேரத்துல சத்தம் அமுங்கிப் போச்சுங்க, பானைக்குள்ள ஓடுற மாதிரி. பெறகு ஒருக்கா நல்லாக் கேட்டுச்சு. ஒரு வேட்டி மடிக்கிற நேரந்தான். மறுபடி அமுங்கிருச்சு. மூணு மணிக்கு மில்லுச் சங்கு ஊதையில தானா நின்னுபோச்சு."

"நடுவுல நல்லாக் கேட்டது எப்ப?"

"சங்குக்கு முந்தி இருபது நிமிசம் இருக்கும். நாலு உருப்படி தேச்சேன்."

"இத ஏன் ஸ்டேஷன்ல சொல்லல?"

"நல்லாருக்கே! என்னைய யாரு கேட்டாக?"

மாலை 3 மணி. மீண்டும் ஷெட்.

மலையாண்டி நால்வரையும் நிழலில் நிறுத்தவில்லை. பிச்சுமணியும் சோலையும் வெயிலில் வியர்த்தனர். அனந்தலக்ஷ்மிக்கு வியர்வைகூட வரவில்லை. செல்லத்தாய் மதிலோரம் நின்றாள்.

மலையாண்டி ஷெட் கதவுகளைச் சாத்தினார், திறந்தார், மீண்டும் சாத்தினார்.

"சத்தம் அமுங்குச்சுன்னா கதவு சாத்தியிருக்குன்னு அர்த்தம். ரெண்டு மணிக்கு அவரு தூங்குன பெறகு யாரோ வெளிய இருந்து சாத்தியிருக்காக. மூணு மணிக்கு பெட்ரோல் தீந்து எஞ்சின் நின்னதும் தெறந்து விட்டிருக்காக. கதவு தெறந்து கெடந்தா, பழி ஓட்டைமேல விழும். ஓட்டை போட்டான்னு மெக்கானிக்கு மேல விழும். சோலை, நீரு அங்கதான் விழுந்தீரு."

சோலை தலைகுனிந்தார்.

"ஆனா ரெண்டு நாற்பதுக்கு ஒருக்கா கதவு தெறந்து மூடுனது எதுக்கு? உள்ள ஒருத்தரு செத்துக்கிட்டு இருக்காரு. கொல்ல வந்தவுக அந்த நேரத்துல எதுக்கு உள்ள போகணும்? அவரு போயிட்டாரான்னு பாக்கவா? அதுக்கு ஷெட்டுப் பின்பக்கக் கண்ணாடிச் சன்னலே போதும்." அவர் பேலாவைச் சுட்டிக்காட்டினார். "ஒரு மணி நேரம் ஓடுன வண்டிக்கடியில ஒன்றரைப் பேலாத் தண்ணி இருக்கணும். பேலா நெறைஞ்சு வழிஞ்சிருக்கணும். வழியல. பாதிதான் இருந்துச்சு. அப்ப நெறைஞ்ச பேலா எங்க?"

மலையாண்டி வீட்டை நோக்கிக் கைகாட்டினார்.

"அலமாரியில இருக்கு. பத்தொம்பதாம் புட்டியில. கழுத்தளவு. ஒன்றரை மணிக்குப் படுத்து, நாலு நாப்பதுவரைக்கும் எந்திரிக்காத ஒருத்தரு, ரெண்டு மணிக்கு மேல சொட்டுன தண்ணிய எப்படிப் புட்டியில ஊத்தித் தேதி ஒட்டுனாக?"

பிச்சுமணி, "மன்னி!" என்றார். 

அனந்தலக்ஷ்மி பேலாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க உள்ள போனப்ப அவருக்கு உயிர் இருந்துச்சாம்மா?"

"இருந்தது. குறட்டை மாதிரி ஒரு சத்தம்."

"அப்பக்கூடக் கதவைத் திறந்து விட்டிருக்கலாம்."

"நான் அதுக்குப் போகலை. நாற்பது நிமிஷம் ஆயிடுத்து. பேலா நிறைஞ்சிருக்கும்."

"செத்துக்கிட்டு இருக்கிறவருக்குப் பேலாவை மாத்துனீங்களா?"

"தரையில சிந்தினா அவருக்குப் பிடிக்காது," என்றார் அனந்தலக்ஷ்மி.

செல்லத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கதவைச் சாத்தினா என்ன ஆகும்னு அந்தச் சுருளி சொல்லித்தான் உங்களுக்குத் தெரியும். அவனை மூணு நாளா அடிக்கிறாங்க. அதுவும் தெரியுமா?"

"பிச்சு சொன்னான்."

"ஒரு வார்த்தை சொல்லலையே?"

"நாகுவை ரிக்ஷால ஏத்தினப்ப இந்தத் தெருவே வாசல்ல நின்னு பார்த்தது. யார் ஒரு வார்த்தை சொன்னா?" அவர் ஈரமற்ற கண்களை முதல்முறையாக உயர்த்தினார். "நான் மட்டும் ஏன் சொல்லணும்?"

மாலை 5.30. காவல் நிலையம்.

சுருளியை வெளியே விட்டார்கள். எவரும் அவனிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. அதற்கென ஒரு படிவம் அங்கே இல்லை. கைப்பற்றிய பொருள்களுள் அவனுடைய கேஜும் ஓஸும் இருந்தன. வலக்கையால் கேஜை எடுக்க முயன்றான். விரல்கள் மடங்கவில்லை, அது மேசைமேல் விழுந்து உருண்டது. இடக்கையால் எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"எலும்பு கூடிருமாய்யா?" என்றார் மலையாண்டி.

"ரெண்டு வெரல் கூடாதுன்னு கம்பவுண்டர் சொல்றாருங்கய்யா."

நடந்ததை மலையாண்டி சுருக்கமாகச் சொன்னார். சுருளி ஓஸைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"அந்தம்மா குனிஞ்சுக்கிட்டு இருந்தாக. நான் சொன்னது அவுக காதுல விழுகலைன்னுதான் நெனச்சேன்." ஓஸின் நுனி நழுவியது, பல்லால் கவ்விப் பிடித்து, மீண்டும் தோளில் போட்டுக்கொண்டான். "ஓட்டை இருக்குன்னு நான் சொல்லாமப் போயிருந்தா, ஒண்ணும் நடந்திருக்காதுல்லங்கய்யா?"

மலையாண்டி கோப்பில் கையெழுத்திட்டார். கேள்விக்கு 'ஆமாம்' என்ற விடை அவரிடம் இருந்தது. கோப்பில் அதற்கு இடமில்லை.