நடக்கும் ஆஸ்பத்திரி

மூன்று நாளாக வேலம்மா அத்தைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. மூச்சு விட்டாலே நெஞ்சு வலித்தது. தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெசர், இனி இங்கே வைத்துப் பார்க்க முடியாது என்று டவுனுக்குப் போன் செய்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அத்தையோ கட்டில் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அதுல ஏறமாட்டேன்லா. அவரும் அதுலதான் போனாரு."

போன மழைக்காலத்தில் அவள் கணவர் காளியண்ணன் அந்த வண்டியில்தான் போனார். உயிரோடு திரும்பவில்லை. அன்றிலிருந்து அந்த வண்டியைக் கண்டாலே லயத்தில் பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

பெரியவர்கள் கெஞ்சினார்கள், அதட்டினார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

பக்கத்து வீட்டு நீலாவதிக்குப் பத்து வயது. அம்மா கொழுந்தெடுக்கப் போனதும் அவளுக்குத் தலைவாரிவிட்டுப் பள்ளிக்கு அனுப்புவது அத்தைதான். இப்படியே படுத்திருந்தால் அத்தை பிழைக்கமாட்டாள் என்று அவளுக்குப் பயம் வந்தது. கூட்டத்துக்குள் புகுந்து கட்டிலருகே போய் உட்கார்ந்தாள்.

"அத்தை, ஆம்புலன்ஸ்னா என்னான்னு தெரியுமா?"

"சாவு வண்டி."

"இல்ல அத்தை."

போன வாரம் ஆங்கிலப் பாடத்தில் ருக்குமணி டீச்சர் சொன்னதை அவள் சொன்னாள். முன்பு பிரான்சு நாட்டில், போருக்குப் போகும் படையோடு மருத்துவர்களும் கூடவே போவார்களாம். அதற்கு நடக்கும் ஆஸ்பத்திரி என்று பெயராம். நடப்பதைக் குறிக்கும் பழைய லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த அந்தப் பெயர்தான், பிறகு இந்த வண்டிக்கும் வந்து ஒட்டிக்கொண்டதாம்.

"உங்களால நடந்து போக முடியல. அதான் ஆஸ்பத்திரி நடந்து வந்திருக்கு."

அத்தை அவளை உற்றுப் பார்த்தாள். "அப்போ நான் நடந்து திரும்பி வருவேனா?"

ஆமாம் என்று சொல்ல நீலாவதிக்கு ஆசைதான். ஆனால் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"அத டீச்சர் சொல்லல அத்தை. நான் கூட வரேன்."

அத்தையின் கை கட்டில் காலை விட்டு அவள் கையைப் பிடித்தது. சின்னப் பிள்ளைகளை ஏற்றக்கூடாது என்று ஆரம்பித்த டிரைவர், அந்தப் பிடியைப் பார்த்துவிட்டு இருவருக்கும் பின்கதவைத் திறந்துவிட்டார்.

அதன்பிறகு நீலாவதி தினமும் பள்ளி விட்டதும் ரோட்டு வளைவில் வந்து நின்றாள். பன்னிரண்டு நாள் தனியாகவே திரும்பினாள்.

பதின்மூன்றாம் நாள், டவுனிலிருந்து கியா பார்ம் காய்கறித் தோட்டத்துக்குத் திரும்பும் லோரி ஒன்று அங்கே நின்றது. அத்தை இறங்கினாள். ரொம்பவும் இளைத்திருந்தாள். லயம்வரை கொண்டுபோய் விடுவதாக லோரிக்காரர் சொல்லிப் பார்த்தார்.

"வேணாம்லா. இங்கேருந்து நடக்கிறேன்."

நீலாவதி அவள் பையை வாங்கிக்கொண்டாள். பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கி, இருவரும் மேட்டில் ஏறினார்கள். செய்தி அவர்களுக்கு முன்னால் ஓடிவிட்டது போலும், லயத்தில் எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன.

அத்தை ஒவ்வொரு வாசலையும் நடந்தே கடந்தாள்.