ரெண்டு வார்த்தை திட்டுங்க

"நீங்கள் பூமிராஜ் இல்லை" என்றது பணப்பொறி. நல்ல தமிழில், ஊசி போட வந்த நர்ஸ் மாதிரி கனிவாகச் சொன்னது.

பூமிராஜ் செருகியிருந்த அட்டையை இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்தினான்.

"நான் பூமிராஜ்தாம்மா."

"மன்னிக்கவும். நீங்கள் பூமிராஜ் இல்லை."

பின்னால் நின்ற காளீஸ்வரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அப்ப முப்பது வருசமா நான் யாருக்குய்யா சோறு பொங்கிப் போட்டேன்?"

"நீ எங்க பொங்கிப் போட்ட? நான் இங்கன மெஸ்ஸுலல்ல தின்னேன்."

அவன் சொன்னதும் நிசம்தான். அந்த முப்பது வருசத்தில் முக்கால்வாசியை அவன் சிங்கப்பூரில் கழித்திருந்தான். கடல் ஏறி வந்துகொண்டிருந்த காலம் அது. ஊரையே சுற்றி ஒரு கடல்மதில் எழுப்பினார்கள். அதற்குக் கம்பி கட்டிய ஆட்களில் ஒருத்தன் பூமிராஜ். அவன் இங்கே கம்பி வளைத்த நேரத்தில் அவள் சாத்தூர்ப் பக்கம் கிணறு வெட்டுகிற இடங்களில் கல் சுமந்தாள். வருசத்துக்கு ஒரு மாசம் புருசன் வருவான். மிச்ச நாளெல்லாம் பணம் வரும்.

இப்போது முதல்முறையாக அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான், ஊர் சுற்றிக் காட்ட. அப்படிச் சொல்லித்தான் கூட்டிவந்தான். விமானம் இறங்கிய பிறகுதான் இன்னொன்றையும் சொன்னான். மதிலில் பழுது பார்க்கும் வேலை இருக்கிறதாம், ரெண்டு வருசத்துக்கு. நாளைக் காலையில் ஒப்பந்த ஆபீஸில் கையெழுத்து. சாயந்தரம் அவள் மட்டும் திரும்பிப் போக வேண்டும்.

காளீஸ்வரி யாரிடமும் கெஞ்சிப் பழகியவள் இல்லை. "சரி, அந்த மதிலயாவது காட்டிட்டு விடுங்க" என்று மட்டும் கேட்டாள். மதிலின் காலடி வரைக்கும் போகிற அடிக்கண்ணாடிப் படகு ஒன்று உண்டு. கடைசிப் படகு ஆறு மணிக்கு. படகுக்காரர்கள் தாளாகத்தான் காசு வாங்குவார்கள். காற்றிலே அனுப்புகிற பணத்தைக் கள்ளன் பாதி வழியில் மடக்கிவிடுகிறான் என்று உலகமே மறுபடியும் தாளுக்குத் திரும்பியிருந்தது.

முகத்தைக் காட்டிப் பணம் எடுத்த காலம் ஒன்று இருந்தது. முகத்தைத் திருடினார்கள். விரலை வைக்கச் சொன்னார்கள், விரலையும் வார்த்து எடுத்தார்கள். குரலைத் திருடுவது அதைவிட லேசாக இருந்தது. கடைசியில், எவனாலும் திருட முடியாதது ஒன்றுதான் மிச்சம் என்று வங்கிக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். மனுசனுடைய குணம்.

அப்படி வந்ததுதான் இயல்பட்டை. அதற்குக் காது உண்டு. சட்டைப்பையில் கிடந்தபடியே கேட்டுக்கொண்டிருக்கும். எதற்குப் பேரம் பேசுகிறான், எந்தக் கடையைப் பார்த்ததும் நடையை எட்டிப் போடுகிறான், எதை வாங்கிவிட்டு ராத்திரி புரண்டு படுக்கிறான், எல்லாம் அதற்கு அத்துப்படி. ஆளைக் கண்டுகொண்டால் அதன் மூலையில் பச்சைப் புள்ளி எரியும். சந்தேகம் வந்தால் சிவப்பு. உள்ளூரில் கொஞ்சம் விட்டுப்பிடிக்கும். கடல் தாண்டிவிட்டால் மாமியாரை விடக் கெடுபிடி.

"ஏம்மா, என்னதான் உனக்குச் சந்தேகம்?" என்று காளீஸ்வரியே பொறியிடம் கேட்டாள்.

"பூமிராஜ் இந்த ஊரில் சம்பளம் வந்த அன்றைக்கே பணத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். வாடகை வண்டியில் ஏறியதே இல்லை. இவர் உல்லாசப் படகில் முன்வரிசை கேட்கிறார். யாரோ ஒருவர் பூமிராஜின் பணத்தை அனுபவிக்கப் பார்க்கிறார் என்று அஞ்சுகிறோம்."

"அனுபவிக்கப் பாக்கறது அவருதான்மா. இப்பத்தான் ஆரம்பிக்கிறாரு."

"அதனால்தான் சந்தேகம்" என்றது பொறி.

வாசலில் நின்ற காவல்காரர் இதைக் கேட்டுச் சிரித்தார். சட்டையில் ராயப்பன் என்று பேர் போட்டிருந்தது. அந்த ஊர்த் தமிழர். தினமும் இந்தக் கூத்தைப் பார்க்கிறவர் போல நிதானமாகப் பக்கத்தில் வந்தார்.

"அண்ணே, தேர்வு கேளுங்க. ஒரு கேள்வி கேக்கும். நீங்க நீங்களா பதில் சொன்னாப் போதும்."

பூமிராஜ் தேர்வு கேட்டான். பொறி கேட்டது: "வெயிலில் நடந்து வந்து தாகமாக இருக்கிறது. எதிரே இளநீர்க் கடை. பக்கத்தில் இலவசக் குடிநீர்க் குழாய். எங்கே போவீர்கள்?"

பூமிராஜ் ஓரக்கண்ணால் பெண்டாட்டியைப் பார்த்தான். நெஞ்சை நிமிர்த்தினான்.

"இளநி. ரெண்டு."

சிவப்பு எரிந்தது.

"அண்ணே, அக்கா பக்கத்துல இருக்காங்கன்னு கெத்து காட்டாதீங்க" என்றார் ராயப்பன். "அதுக்கு உங்களத் தெரியும்."

"அக்காவுக்கும் தெரியும்" என்றாள் காளீஸ்வரி. தன் அட்டையை இடுப்புப் பையிலிருந்து எடுத்துச் செருகினாள். "ரெண்டு ஆளுக்குப் படகுக் காசு குடு தாயி."

"காளீஸ்வரி பணம் எடுப்பது பள்ளிக்கூடத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, சிமெண்டுக்கு. தனக்கென்று கேட்டதே இல்லை. நீங்கள் காளீஸ்வரி இல்லை."

அவளுக்குச் சுருக்கென்றது. ஒரு தகரப் பெட்டி ஊரறியச் சொல்லுகிறது, நீ உனக்கென்று ஒன்றும் வாங்காதவள் என்று. சும்மா சொன்னாலும் பரவாயில்லை, அதைச் சொல்லித் திருடி என்கிறது.

"மூணு சிவப்பு வந்தா அட்டை பூட்டிக்கும்" என்றார் ராயப்பன். "அப்புறம் உங்க ஊர்ல போய்த்தான் திறக்கணும். அண்ணனுக்கு ரெண்டு போயிருச்சு. மேல சிவப்பு வாங்கிராதீங்க."

பூமிராஜ் தன் அட்டையை மறுபடி செருகிவிட்டு, பிடரியைச் சொறிந்தான். சூரியன் கட்டிடங்களுக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியிருந்தது. படகுத்துறையிலிருந்து முதல் சங்கு ஊதியது. காளீஸ்வரிக்குக் கால் வலித்தது. புதுச் செருப்பு. கல் சுமந்த காலத்தில்கூட இப்படிக் கடுத்தது இல்லை.

"விடுங்க. நமக்குக் குடுத்து வைக்கல. ஒரு பறவைவண்டி பிடிங்க, ரூமுக்குப் போவோம். காச அங்க வாங்கிக்கச் சொல்லலாம்."

"பறவைவண்டியா? இந்தா இருக்கு ரூமு. நடந்தாக் கால்மணி நேரம்."

"கால் வலிக்குதுய்யா."

"கால் என்ன தேஞ்சா போச்சு? ஒரு தடவ பறக்கற காசுக்கு ஊர்ல ஒரு மூட அரிசி வாங்கலாம்."

அவ்வளவுதான்.

"ஒரு மூட அரிசி! ஒரு மூட சிமெண்டு! எதச் சொன்னாலும் மூடயிலதான் வந்து நிப்பியா நீ? என்னயக் கட்டுனதும் மூடக் கணக்குலதானய்யா? வருசத்துக்கு ஒரு மாசம் அவுத்துப் பாத்துட்டுத் திரும்பக் கட்டி வச்சுட்டுப் போயிருவ. நாளைக்கிக் கையெழுத்தப் போடு. போட்டுட்டு இந்தப் பெட்டிகூடவே குடும்பம் நடத்து. அதுக்குத்தான் உன்னய நல்லாத் தெரியுமே!"

"கத்தாத புள்ள, ஆளுக பாக்காக…"

"பாக்கட்டும்! இந்த மனுசன் முகத்த நான்தான் பாக்கல, அவுகளாவது பாக்கட்டும்!"

பொறி இனிமையாக மணியடித்தது. பச்சை எரிந்தது.

"வணக்கம், பூமிராஜ். எவ்வளவு வேண்டும்?"

இருவரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். தாள்கள் சரசரவென்று வெளியே வந்தன. முதலில் சிரித்தது ராயப்பன். அப்புறம் காளீஸ்வரி. சண்டையின் சூடு ஆறாமலே சிரித்ததில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"உங்கள் புதிய அடையாளம் பதிவாகியுள்ளது" என்று பொறி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அவர்கள் படகை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

படகு மதிலை ஒட்டிப் போனது. காலுக்குக் கீழே கண்ணாடி. அதற்குக் கீழே பச்சைத் தண்ணீரில் வரிசை வரிசையாகத் தூண்கள், யானைக் கால் மாதிரி. வழியில் பூமிராஜ் ஒரே ஒரு இளநீர் வாங்கியிருந்தான். பாதியைக் குடித்துவிட்டு அவளிடம் நீட்டினான்.

"இந்தா, இந்தத் தூணு இருக்குல்ல? எங்க செட்டு கட்டினது. அதுக்குள்ள கம்பி பூரா என் கை."

காளீஸ்வரி குனிந்து பார்த்தாள். பாசியும் சிப்பியும்தான் தெரிந்தன.

"கம்பி ஒண்ணுமே தெரியலயே."

"தெரியக் கூடாது. தெரிஞ்சா உப்பு ஏறிரும். அப்புறம் நிக்காது."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். தாடை நரைத்திருந்தது. விரல்கள் வளைந்தது வளைந்தபடியே இருந்தன, முழுசாக நீட்ட வராது. இத்தனை வருசமாகத் தூணுக்குள்ளே நின்றவன் மாதிரிதான் இருந்தான்.

"ஊர்ல இருந்தா என்னங்க உங்களுக்கு?"

படகு ஒரு வளைவு திரும்பியது.

"அங்கன எனக்கு என்ன வேல இருக்கு காளி? நான் வந்தா நாற்காலியத் துடைச்சுப் போடுற. விருந்தாளிக்குப் போடற மாதிரி. என் வீட்டுல எந்தச் சுவிட்சு எந்த விளக்குக்குன்னு எனக்குத் தெரியல. விடிய நாலு மணிக்கு முழிச்சுக்கிட்டு மாடியில உக்காந்திருப்பேன். யாரும் ஒரு வேல சொல்ல மாட்டாக. இங்கன்னா சொல்லுவாக."

காளீஸ்வரி இளநீரைக் குடித்து முடித்தாள். நாற்காலியைத் துடைத்துப் போடுவது மரியாதை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

மறுநாள் காலையில் ஒப்பந்த ஆபீஸில் அவன் உள்ளே போனான். அவள் வெளியே துணிப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை, உள்ளே இருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். ஷர்மிளா என்று மேசையில் பேர் இருந்தது. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அக்கா, கொஞ்சம் உள்ள வர்றீங்களா? சாரோட அட்டைய மெசின் ஏத்துக்க மாட்டேங்குது."

"ஏன், இன்னைக்கு யாருங்குது அவர?"

"வெளிநாட்டுல கடைசியா எத வச்சு ஆளக் கண்டுபிடிச்சதோ, அதையேதான் அடுத்த தடவையும் தேடும். 'பூமிராஜ் என்றால் பக்கத்தில் அவர் மனைவி அவரைத் திட்டிக்கொண்டிருப்பார்'னு சொல்லுது. தனியா இருக்கறவர் பூமிராஜ் இல்லையாம். ஒருமுறை பச்சை வந்துட்டாப் போதும், அப்புறம் ரெண்டு வருசத்துக்கு எங்க மெசினே பார்த்துக்கும். நீங்க வந்து ரெண்டு வார்த்தை திட்டுங்க, கையெழுத்த முடிச்சுரலாம்."

காளீஸ்வரி உள்ளே போனாள். பூமிராஜ் பொறிக்கு முன்னால் கைகட்டி நின்றிருந்தான். திரையில் ஏற்கெனவே ஒரு சிவப்பு. ரெண்டு வருச ஒப்பந்தத் தாள்கள் மேசைமேல் மின்விசிறிக் காற்றில் படபடத்தன.

"வா புள்ள. ரெண்டு வார்த்த வை."

திட்டுவதற்கா அவளுக்கு வார்த்தை பஞ்சம்? தொண்டை வரைக்கும் வந்து வரிசையில் நின்றன. விடிய விடிய அவள் யோசித்து வைத்ததே நிறைய இருந்தது. அதில் ஒன்றை எடுத்து வீசினால் போதும், பச்சை எரியும். சாயந்தரம் அவள் மட்டும் விமானத்தில் இருப்பாள்.

அவள் முந்தானையை இழுத்துச் சொருகினாள். பொறியைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"இவரு தங்கமான மனுசனுங்க" என்றாள்.

பொறி விழித்தது. விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது.

"திட்டுங்கக்கா" என்றாள் ஷர்மிளா.

"எதுக்கும்மா திட்டணும்? ஒரு குத்தம் சொல்ல முடியாது அவரப் பத்தி. அவரு எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்."

"இவர் பூமிராஜ் இல்லை" என்றது பொறி. ரெண்டாவது சிவப்பு. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவர் காளீஸ்வரியும் இல்லை" என்றது.

பூமிராஜ் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் சுவரில் மாட்டியிருந்த கடல்மதில் படத்தை வெகு சிரத்தையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நினைத்திருந்தால் அவளைக் கிளப்பிவிட்டிருக்கலாம். ஒரு மூட்டை அரிசி என்று சொன்னால் போதும். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"இன்னொருமுறை பார்க்கலாமா சார்? இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாள் ஷர்மிளா.

பூமிராஜ் அட்டையை உருவிக்கொண்டான்.

"விடுங்கம்மா. நான் இல்லன்னு சொல்லுதுல்ல."

ரெண்டு பேரும் வெளியே வந்து நடந்தார்கள். பெட்டியை அவன் தூக்கிக்கொண்டான். விமான நிலையத்துக்குப் பஸ்தான்.

"வீட்டுக்குப் போனதும் மொதல்ல அந்த நாற்காலிய எடுத்துப் பரண்ல போடணும்" என்றாள் காளீஸ்வரி. "மோட்டார் ரூமு ஓடு ஒழுகுது. மாட்டுக்கொட்டாய்ல ஒரு தூணு சாஞ்சு கிடக்கு. சும்மா மாடியில உக்காரலாம்னு நெனக்காதீக."

"ம்."

பஸ் நிறுத்தம் வந்ததும் அவனுக்கு ஒரு யோசனை வந்தது.

"ஏ காளி. இனிமே நீ பக்கத்துல இருந்து திட்டினாத்தான் எனக்குக் காசு வரும். அப்படித்தான?"

"ஆமா."

"நீ எனக்கு முந்திப் போயிட்டா?"

அவள் நின்றாள். கையிலிருந்த தண்ணிப் பாட்டிலை நங்கென்று பெஞ்சில் வைத்தாள்.

"கட்டையில போறவனே! முப்பது வருசம் கழிச்சு இப்பத்தான் ஒரு மனுசன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன், பஸ்ஸு ஏறுறதுக்குள்ள எனக்குப் பாட கட்டுறியா? எங்கயும் போக மாட்டேன். உக்காந்து உன்னயத் திட்டியே தீருவேன், போ!"

பூமிராஜின் சட்டைப்பைக்குள் பச்சைப் புள்ளி எரிந்தது.