மேட்டில் நட்ட புல்

வாண்டுவின் அண்ணனுக்கு ரோஜா என்றால் உயிர். தோட்டம் போடலாம் என்று வீட்டுக்குப் பின்னால் இருந்த மண்மேட்டில் புல்லை ஒன்று விடாமல் பிடுங்கி, மூலையில் குவித்துவிட்டான். மேடு மொட்டைத் தலை மாதிரி ஆகிவிட்டது. அவனுக்கு ஒரே பெருமை.

மறுநாள் மழை கொட்டியது. மேட்டின் அடியில்தான் அம்மாவின் சலவைக்கூடம் இருந்தது. கதவிடுக்கில் சேறு புகுந்தது. விடுதிக்காக அம்மா துவைத்து மடித்து வைத்திருந்த வெள்ளை விரிப்புகள் எல்லாம் பாழாயின.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா விடுதிக்காரங்க வேற ஆளைப் பார்த்துக்குவாங்க" என்றார் அம்மா. அவர் யாரையும் திட்டவில்லை. அதுதான் அண்ணனுக்கு இன்னும் வலித்தது. சாப்பிடக்கூட வராமல் வாசலில் உட்கார்ந்திருந்தான்.

வாண்டுவுக்குப் பாவமாக இருந்தது. சேட்டைக்காரிதான், ஆனாலும் அண்ணன் முகம் வாடினால் அவளுக்குத் தாங்காது. பின்பக்கம் போய்ப் பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கமும் அதே மேடுதான். அங்கே புல் இருந்தது. அதன் வழியாக வடிந்த தண்ணீரில் சேறே இல்லை.

குவியலிலிருந்து ஒரு புல் கொத்தை எடுத்து உதறினாள். எவ்வளவு உதறியும் வேர் மண்ணை விடவில்லை.

"அண்ணா, இங்க வா! இதைத் திரும்ப நட்டுடலாம்."

"போடி! புல்லைப் போய் யாராவது நடுவாங்களா?"

"லேசா நினைக்காதே. காலையில ரொட்டி சாப்பிட்டியே, அந்தக் கோதுமை இதோட பெரியம்மா பொண்ணு! நெல்லு, கரும்பு, மூங்கில் எல்லாம் ஒரே குடும்பமாம். டீச்சர் சொன்னாங்க."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உடனே மேட்டைத் திரும்பிப் பார்த்தான். "அப்ப என் ரோஜா?"

வாண்டு ஒரு குச்சியால் மண்ணில் குறுக்கே கோடு போட்டுக் காட்டினாள். "புல்லை மேட்டுக்குக் குறுக்கே வரிசையா நடலாம். நடுவுல உன் ரோஜா இருக்கட்டும். மண்ணைப் புல்லு பார்த்துக்கும்."

இருட்டும்வரை புல்லையும், நடுவே ரோஜாக் கன்றுகளையும் நட்டார்கள். இருவர் முகத்திலும் சேறு.

நல்லவேளையாக, அடுத்த பெருமழை வர நாளானது. அதற்குள் வாடிக் கிடந்த புல் நிமிர்ந்து நன்றாக வேர் பிடித்துவிட்டது.

மழை வந்த அன்று மூவரும் சலவைக்கூடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேட்டிலிருந்து தண்ணீர் இறங்கியது. கதவைத் தொடாமல், தெளிவாக ஓடி வாய்க்காலில் கலந்தது. விரிப்புகள் வெள்ளைவெளேர் என்று அப்படியே இருந்தன. அம்மா இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டார்.

மழை விட்டதும், ரோஜா மொட்டு விட்டிருக்கிறதா என்று பார்க்க வாண்டு மேட்டில் ஏறினாள்.

"ஏய், பார்த்துப் போடி!" என்று கீழே இருந்து கத்தினான் அண்ணன். "புல்லை மிதிச்சிடாதே!"