சிவந்து விழுந்த வாடிக்கையாளர்

டன்லப் ஸ்திரீட் மருந்துக் கடை நடுவில் அந்த ஆள் தொப்பென்று விழுந்தான்.

முகம் மிளகாய்ச் சிவப்பு. கழுத்து அதைவிட...

கையில், அப்போதுதான் வாங்கித் திறந்த விட்டமின் சி டப்பா!

டிசம்பர் மாதம். குளிர் நாடுகளுக்கு டூர் போகிறவர்கள், சளி காய்ச்சல் அண்டக்கூடாதென்று விட்டமினும் ஸிங்க் மாத்திரையும் அள்ளிக்கொண்டிருந்த நேரம். கூட்டம் சிதறியது. யாரோ போலீசுக்கும் ஆம்புலன்சுக்கும் போன் செய்தார்கள்.

முதலில் வந்தது இன்ஸ்பெக்டர் பாலகிருஷ்ணன்.

"யார் கொடுத்தது?"

"இந்தப் பொண்ணுதான் சார்." கடை முதலாளி ரமீஸ், பார்மசிஸ்ட் சாதியாவைக் கைகாட்டினான். "எதையோ மாத்திக் கொடுத்துட்டா. எனக்குச் சம்பந்தமே இல்ல லா."

சாதியா குனிந்து, விழுந்தவனின் நாடியைப் பார்த்தாள்.

"உயிருக்கு ஒண்ணும் இல்ல சார். நியாசின்... அதாவது விட்டமின் பி-த்ரீ. ஓவரா போனா இப்படித்தான் சிவக்கும், அரிக்கும். கொஞ்ச நேரத்துல அடங்கிடும்."

"சி டப்பாவுல பி-த்ரீ எப்படி வந்துச்சு?"

"பேக் பண்றது பாஸ். அவரைத்தான் கேக்கணும்."

இன்ஸ்பெக்டர் அலமாரியிலிருந்து புது டப்பா ஒன்றை எடுத்தார். சீலைப் பிரித்தார். ஒரு மாத்திரையை நீட்டினார்.

"உங்க சரக்குதானே மிஸ்டர் ரமீஸ்? போடுங்க."

ஏசியிலும் ரமீஸுக்கு வியர்த்தது.

"வேணாம் சார்..."

"விட்டமின்தானே?"

"அதுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது சார்." ரமீஸ் உடைந்தான். "மூட்டையில மலிவா வருது... கிராஞ்சியில சரக்கு வைக்கிற ஸ்டோர்ல நான் லேபிள் மட்டும்தான் ஒட்டுறேன்..."

விலங்கு மாட்டப்பட்டது.

கீழே கிடந்தவன் எழுந்து உட்கார்ந்தான்! கழுத்தைச் சொறிந்தான்.

"சாரி சார். அந்த டப்பாவுல ஒண்ணுகூட நான் சாப்பிடல. வெளியவே நியாசின் போட்டுட்டுதான் உள்ள வந்தேன்."

"யார்யா நீ?"

"என் வீட்டுக்காரர் சார், ஜாஃபர்," என்றாள் சாதியா. "போலிச் சரக்கை விக்க மாட்டேன்னு சொன்னேன். வெளிய சொன்னா பழியை என் மேலயே போட்டு லைசன்ஸைப் பிடுங்க வச்சிடுவேன்னு பாஸ் மிரட்டினாரு. புள்ளைங்களுக்கு வாங்கிட்டுப் போறாங்க சார்... எனக்கு வேற வழி தெரியல."

"நீங்களும் ஸ்டேஷனுக்கு வந்து பதில் சொல்லணும்." இன்ஸ்பெக்டரின் குரலில் கண்டிப்பு. உதட்டோரம் மட்டும் சிரிப்பு. "இப்ப எப்படி இருக்கு ஜாஃபர்?"

"உடம்பெல்லாம் அடுப்பா எரியுது சார். வண்டியில ஏசியை ஃபுல்லா போடுங்க... பாஸுக்குச் சளி பிடிச்சா, அவரோட விட்டமினையே குடுங்க."