கரி தடவிய கார்டு

கீரமங்கலத்துத் தென்னந்தோப்பிலிருந்து மாதம் ஒரு கார்டு மதராசுக்குப் போகும். தோப்பு ஹவ்வா உம்மாளுடையது. அவர் மகன் யாக்கூப்போடு மதராசில் குடியேறி ஆறு வருடம் ஆகிவிட்டது. தோப்பிலேயே குடியிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது மலையாண்டியின் குடும்பம்.

மலையாண்டிக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல, முன்பெல்லாம் தபால்காரர் எழுதுவார்; இப்போது ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள் செவந்தி எழுதுகிறாள்.

“மொதல்ல கெணத்துத் தண்ணி எத்தனை முழம்னு எழுது. அப்பறம் தென்னை. அப்பறம் மாடு. அப்பறம் பலா.”

“நம்மளப் பத்தி, அய்யா?”

“கடைசியில. எடமிருந்தா.”

இடம் ஒருநாளும் இருந்ததில்லை. பலாவோடு கார்டு நிறைந்துவிடும்.

அந்தப் பலா, உம்மாள் கல்யாணமாகி வந்த வருடம் தன் கையால் நட்டது. ஐப்பசியில் அடித்த காற்றில் அது வேரோடு சாய்ந்தது. முட்டுக் கொடுக்க மூங்கிலைத் தூக்கிக்கொண்டு ஓடிய மலையாண்டி, பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டார்.

அந்த மாதக் கார்டில், “பலா நல்லா இருக்குன்னு எழுது,” என்றார்.

செவந்தி நிமிர்ந்து பார்த்தாள்.

“பாத்துக்கத்தானே நம்மள வச்சிருக்காங்க. இதைக்கூடப் பாத்துக்கலையான்னு கேட்டுட்டா, நாம எங்கிட்டுப் போறது? அடுத்த மாசம் பக்குவமாச் சொல்லிக்கலாம்.”

அடுத்த மாதமும் பலா நன்றாக இருந்தது. அதற்கடுத்த மாதமும்.

மாசியில் உம்மாளிடமிருந்து கார்டு வந்தது. செவந்தி படித்தாள். பேத்தி பரக்கத் நிஷா பிள்ளை பெற வந்திருக்கிறாளாம். நம் தோப்புப் பலாவைத்தான் தின்பேன் என்கிறாளாம். சித்திரையில் பழம் எடுக்க யாக்கூப் வருவானாம்.

மலையாண்டி அன்று சாப்பிடவில்லை. செவந்தியின் அம்மா சொர்ணம் தட்டை எடுத்து மூடி வைத்தாள்.

செவந்தி யோசித்தாள். யாக்கூப் வந்து வெறும் குழியைப் பார்ப்பதைவிட, முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது. மறுநாள் தானியம் புடைக்கும் சுளகைக் கவிழ்த்து மடியில் வைத்து, தானே ஒரு கார்டு எழுதினாள். எழுதி முடித்ததும் ஒரு சந்தேகம். அரிமளத்து மாமா இறந்தபோது வந்த கார்டின் நான்கு மூலையிலும் கரி இருந்ததே? நாற்பது வருடம் நின்ற மரத்துக்கும் அந்த மரியாதை வேண்டாமா?

சோற்றுப்பானையின் அடியில் விரலைத் தேய்த்து, நான்கு மூலையிலும் தடவினாள். பள்ளிக்கூடம் போகும் வழியில் தபால் பெட்டியில் போட்டாள்.

சாயங்காலம் அய்யாவிடம் சொன்னாள். அவர் வெகுநேரம் மாட்டுக்கு வைக்கோலையே உதறிக்கொண்டிருந்தார். பிறகு, “சரி. எழுதுனது எழுதுனதுதான்,” என்றார்.

“மூலையில கரியும் வச்சிட்டேன் அய்யா.”

வைக்கோல் கீழே விழுந்தது. “கரியா? அது எழவுக் கார்டுக்கில்ல வைப்பாங்க. நம்ம வீட்டுல யாரோ போயிட்டாகன்னு நெனைப்பாகளே, புள்ள.”

செவந்திக்கு அப்போதுதான் உறைத்தது. தபால்காரர் பையைக் கட்டிக்கொண்டு போய்விட்டிருந்தார்.

ஐந்தாம் நாள் தோப்பு வாசலில் ஒரு வாடகை வண்டி வந்து நின்றது. ஹவ்வா உம்மாள் இறங்கினார். வண்டிச் சட்டத்தைப் பிடித்தபடி நின்றார்.

“மலையாண்டி, நீ இருக்கே. சொர்ணம் எங்க?”

“இந்தா வாரேன் உம்மா,” என்று சொர்ணம் குடத்தோடு ஓடிவந்தாள்.

“செவந்தியும் இருக்கு. சின்னவன் எங்க?”

“மூக்கன் குட்டையில குளிக்கப் போயிருக்கான்.”

“கூப்பிடு அவனை. இப்பவே கூப்பிடு.”

செவந்தியின் தம்பி, ஆறு வயது மூக்கன் கோவணத்தோடு, தலையில் பாசியோடு வந்து நின்றான். உம்மாள் அவன் ஈரத் தலையைத் தொட்டுப் பார்த்தார். அதன் பிறகுதான் உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து கார்டை எடுத்துச் செவந்தியிடம் நீட்டினார்.

“மூலையில கரியைப் பாத்தேன். வீட்டுல யாரையும் படிக்கச் சொல்ல மனசு வரல. ரயில் ஏறிட்டேன். என்னதான் எழுதியிருக்கே, நீயே படி.”

செவந்தி படித்தாள்.

“உம்மா அவர்களுக்குச் செவந்தி எழுதுவது. இது அய்யா சொல்லி எழுதியது இல்லை. நம் பலாமரம் ஐப்பசிக் காற்றில் விழுந்துவிட்டது. நல்லா இருக்கிறது என்று எழுதியதெல்லாம் பொய். அய்யா முட்டுக் கொடுக்க ஓடினார். அதற்குள் விழுந்துவிட்டது. கட்டையை விற்கவில்லை. ஓலை போட்டு மூடி வைத்திருக்கிறோம். எங்களைப் போகச் சொல்லிவிடாதீர்கள்.”

உம்மாள் எழுந்து குழி வரைக்கும் நடந்து போனார். தனியாகக் கொஞ்ச நேரம் நின்றார். மலையாண்டி தலைத்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

திரும்பி வந்தபோது உம்மாளின் கண்கள் சிவந்திருந்தன. “மரம் போனது வருத்தந்தான். ஆனா மரத்துக்காக நான் ரயில் ஏறல,” என்றார். “ஆறு வருசமாக் கெணத்தை எழுதுறீக, மாட்டை எழுதுறீக. நீங்க எப்படி இருக்கீகன்னு ஒரு வரி கெடையாது. கரியைப் பாத்ததும் வழி நெடுக ஒவ்வொரு பேராச் சொல்லிச் சொல்லிப் பயந்துகிட்டே வந்தேன்.”

“எடம் பத்தலைங்க உம்மா,” என்றார் மலையாண்டி மெதுவாக.

“இனிமே மொதல்ல நீங்க. மத்ததெல்லாம் எடமிருந்தா.”

மூக்கன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “அப்ப நான் மறுபடி குட்டைக்குப் போகலாமா?” என்று கேட்டான். உம்மாள் அப்போதுதான் சிரித்தார்.

அடுத்த மாதம் செவந்தி சுளகைக் கவிழ்த்து வைத்ததும், “மொதல்ல கெணறு,” என்று பழக்கத்தில் தொடங்கினார் மலையாண்டி. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மூக்கனுக்கு முன்பல் விழுந்ததை எழுதினாள். அம்மாவின் இருமல் நின்றதை எழுதினாள். ராட்டினக் கயிறு அறுந்து, அய்யா கிணற்றடிச் சேற்றில் பொத்தென்று உட்கார்ந்ததை எழுதினாள். “அதையுமா எழுதுற?” என்றார் அவர். கடைசியாக நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினாள்.

கிணற்றில் தண்ணீர் எத்தனை முழம் என்று எழுத மட்டும் இடமில்லாமல் போயிற்று.