தானாக மாறும் சேனல்

ஃபூல் என்ற பயற்றுக் குழம்புப் பானையை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்த இன்ஷிராஹ், கூடத்திலிருந்து வந்த சத்தத்தில் கையைச் சுட்டுக்கொண்டாள்.

“பாத்தியா ஸப்ரீன்! படத்துல அந்தப் பொண்ணு கல்யாணத்துக்குச் சம்மதிக்கறாளா இல்லையான்னு சொல்ற நேரம்... டப்புனு பந்து விளையாட்டு! வெள்ளிக்கிழமையானா இதே கூத்து!”

மாமியார் ஃபௌக்கியா ரிமோட்டைத் தொடையில் அடித்துக்கொண்டு கத்தினாள். மகள் ஸப்ரீன் சும்மா இருப்பாளா?

“மதினி இன்னொரு ரிமோட்ட ஒளிச்சு வச்சிருக்கா உம்மா. வேணும்னே நம்மள வெறுப்பேத்தறா.”

இன்ஷிராஹ் சுட்ட விரலைத் தண்ணீரில் நனைத்தாள். எகிப்தின் மஹல்லா நகரத் துணி ஆலையில், சாயத் தொட்டியில் ஆறு நாள் கை வேகும். ஏழாவது நாள் வீட்டில் காது வேகும். பழகிப்போயிருந்தது.

அவள் புருஷன் ரகப் குவைத்தில் சுவர் பூசுகிறான். தகப்பன் இறந்தபோது அவனால் வர முடியவில்லை. மேஸ்திரி பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்றுவிட்டான். ஃபௌக்கியா அதைக் காதில் வாங்கவில்லை. “வாப்பா குழியில ஒரு பிடி மண்ணு போட வராதவன்கிட்ட இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன். அல்லா மேல சத்தியம்!” என்று ஊர் கேட்கச் சொன்னாள். மூன்று பெருநாள் போய்விட்டது. மகனிடமிருந்து போன் வந்தால், எழுந்து மாடிக்குப் போய்விடுவாள்.

இன்று எழுந்தவள் மாடிக்குப் போகவில்லை. டிவிக்குப் பின்னால் போனாள்.

“நீ கரண்டுப் பெட்டின்னு சொல்லி இத வச்ச நாள்லேர்ந்துதான் இந்தப் பீடை. இத தெருவுல வீசறேன். நீயும் துணிய மூட்டை கட்டு! உங்கப்பன் வீட்டுல போய் இஷ்டத்துக்குப் பாரு!”

பெட்டியின் வயரில் கை வைத்துவிட்டாள்.

“புடுங்காதீங்க மாமி! அதுல உங்க மகன் இருக்கார்!”

ஸப்ரீன் மென்றுகொண்டிருந்த ரொட்டி வாயிலேயே நின்றது.

“என்னடி சொல்றே?”

“அது கரண்டுப் பெட்டி இல்ல மாமி... நம்ம டிவியில ஓடறத இன்டர்நெட் வழியா அவரு போனுக்கு அனுப்பற பெட்டி. அவரு அங்க சேனல மாத்தினா இங்கயும் மாறும். அது அவருக்கே தெரியாது. தன் போன்ல மட்டும்தான் மாறுதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கார்.”

“அவன்கிட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?”

“சொன்னா பாக்கறத விட்டுடுவார்! ஒரு ரூம்ல எட்டுப் பேரு மாமி... லீவு நாள்ல நம்ம கூடத்து டிவியப் பாத்தா, உம்மா பக்கத்துல காலை நீட்டி உக்காந்த மாதிரி இருக்காம். உங்ககிட்ட சொன்னா பெட்டிய வீசிடுவீங்க. அதான்... திட்டு எனக்கே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

சொல்லி முடிக்கும் முன் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஃபௌக்கியாவின் கை வயரிலிருந்து தளர்ந்தது. மெதுவாக வந்து உட்கார்ந்தாள். திரையில் பந்து போய் மல்யுத்தம் வந்தது. மல்யுத்தம் போய் மறுபடி பந்து.

“சின்னதுலயும் இப்படித்தான். ஒண்ணுல நிக்கமாட்டான்...” என்றாள்.

ரிமோட்டை எடுத்து அழுத்தினாள். சினிமா வந்தது. இரண்டு மூச்சு விடுவதற்குள் பந்து. மறுபடி அழுத்தினாள். மறுபடி பந்து.

“விடறானா பாரு, பன்னாடை!”

கிழவியின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள்! கண்ணீர் ஒழுக ஒழுக, விடாமல் ரிமோட்டை அமுக்கிக்கொண்டே சிரிக்கிறாள். ஸப்ரீன் ரொட்டியைப் போட்டுவிட்டு, “விடாதே உம்மா, மாத்து!” என்று குதித்தாள்.

இன்ஷிராஹின் போன் அடித்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“இன்ஷிராஹ், பெட்டி கெட்டுப்போச்சாடி? நான் பந்து வச்சா அது அழுமூஞ்சிப் படத்துக்கு ஓடுது! பேய் கீய் புடிச்சிருக்கா?”

ஃபௌக்கியா முக்காட்டை வாயில் அடைத்தும் சிரிப்பு வெளியே தெறித்தது.

“யாரு சிரிக்கறது?” குரல் சட்டென்று இறங்கியது. “...உம்மாவா?”

திரையில் பந்து அப்படியே நின்றது. இரண்டு பக்கமும் யாரும் மாற்றவில்லை.

ஃபௌக்கியா மருமகளை இழுத்து மார்போடு அணைத்தாள். சாயம் ஏறி நீலமாகிப்போன அந்தக் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“என் மவன உன் முதுகுல சுமந்துக்கிட்டுத் திரிஞ்சிருக்கியேடி... நான் அந்த முதுகுலயே அடிச்சிருக்கேனே!”

“விடுங்க மாமி...”

“பெரிய சட்டியில அரிசியப் போடு. பத்து ஏழைக்குச் சோறு போட்டாத்தான் மார்க்கப்படி என் சத்தியத்த முறிக்கலாம். ஸப்ரீன், பள்ளிவாசல் வாசல்ல போய்க் கூப்பிடு. ஓடு!”

“ஆக்கிப் போட்டப்புறம் பேசுவீங்களா மாமி?”

“அரிசி வேகற வரைக்கும் எவ பொறுப்பா? குடு இங்க!” என்று போனைப் பிடுங்கினாள் ஃபௌக்கியா. “டேய் ரகப்! கேளு... அந்தப் பொண்ணு சம்மதிச்சாளா இல்லையான்னு நான் பாக்கணும். சேனல மாத்துடா!”