முன்னங்காலில் ஒரு தேள்

நாயின் இடது முன்னங்காலில் தேள் உட்கார்ந்திருந்தது. டெல்பின் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, முந்தானையைச் சுருட்டி ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். தேள் விழவில்லை. நாயும் அசையவில்லை. எதற்கு அடிக்கிறாய் என்பதுபோல அவளைப் பார்த்தது, அவ்வளவுதான். குனிந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தேள் தோலின் மேல் இல்லை, தோலுக்குள் இருந்தது. இரண்டு கிடுக்கி, தூக்கிய கொடுக்கு, எல்லாமே பொடிப்பொடிப் பச்சைப் புள்ளி.

யாரோ பச்சை குத்தியிருக்கிறார்கள். நாய்க்கு.

பத்து நாளாக இந்தக் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். வெயில் பட்டால் தோல் வெந்துவிடும் என்று அந்த அறையில் பகலிலும் கனத்த திரைதான். அன்றைக்குத் திரை ஒரு சாண் விலகியிருந்தது. இல்லையென்றால் இன்னும் பத்து நாள் ஆனாலும் கண்ணில் பட்டிருக்காது.

அடையாறு காந்தி நகரில் அந்த வீடு, தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் தனபாலனுடையது. ஆள் தங்கமானவர்தான், ஆனால் பார்த்தால் நாய் என்று சொல்ல முடியாத நாயாகத் தேடித்தேடி வாங்குகிற கிறுக்கு அவருக்கு. ஒன்றுக்கு மயிரெல்லாம் கயிறு கயிறாகத் திரிந்து தரைவரை தொங்கும். தரை துடைக்கிற மாப்பு தானாக எழுந்து நடப்பதுபோல இருக்கும், முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று அது சாப்பிடும்போதுதான் தெரியும். இன்னொன்று வெள்ளைச் சுருட்டையும் வளைந்த மூக்குமாக அசல் ஆட்டுக்குட்டி. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, ஆடு வேறு வளர்க்கிறார்களா என்று கேட்டு, வாட்ச்மேன் பீர் முஹம்மதிடம் ஒரு வாரம் கேலி வாங்கிக்கொண்டாள்.

மூன்றாவது கோகோ. மெக்சிகோ நாட்டு ஜாதி என்றார்கள். உடம்பில் ஒரு மயிர் கிடையாது. நிறம் மாநிறம், மனிதர்களுக்குச் சொல்வதுபோலத்தான் சொல்ல வேண்டும். கழுத்தில் மடிப்பு விழும். குளிர்ந்தால் புல்லரிக்கும். தொட்டால் காய்ச்சல்காரப் பிள்ளை மாதிரிச் சுடும், அந்த ஜாதிக்கே அப்படித்தான் சூடு என்று தனபாலன் பெருமையாகச் சொன்னார். தினமும் குளிப்பாட்ட வேண்டும், பல் தேய்த்துவிட வேண்டும், உடம்பெங்கும் தேங்காய் எண்ணெய் ஏற்ற வேண்டும். அதற்குத்தான் டெல்பின். பேர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் கோகோ திரும்பாது. தனபாலன் கூப்பிட்டாலும் சரி, யார் கூப்பிட்டாலும் சரி, அது தன் பேரில்லை என்பதுபோலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். மற்ற இரண்டும் அது படுத்த தரையை மிதிப்பதில்லை. சுற்றிக்கொண்டு போகும்.

வேலைக்குச் சேர்ந்த அன்று தனபாலனின் மனைவி ஜெயஸ்ரீ முழங்கைவரை நீளும் ரப்பர் கையுறை ஒரு ஜோடி கொடுத்தாள். "இது இல்லாம கோகோவத் தொட்றாத, கேட்டியா? ஒரு நாள்கூட."

டெல்பினுக்குச் சுருக்கென்றது. இருபத்தைந்து வருஷம் சித்தாளாகச் செங்கல் சுமந்தவள் அவள். வேலை நடக்கும் வீடுகளில் தனி டம்ளரில் தண்ணீர் வாங்கிக் குடித்தவள். இடுப்பு விட்டுப்போன பிறகுதான் வீட்டு வேலைக்கு வந்தாள். யார் எதை நீட்டினாலும் அதில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கிற புத்தி அவளுக்கு. நாயைத் தொடுவதற்குக்கூட என் கை ஆகாதா என்று அன்றைக்கு முழுவதும் வாய்க்குள் முனகிக்கொண்டிருந்தாள். ஜெயஸ்ரீ கடைக்குக் கிளம்பிய கார் தெருமுனை தாண்டியதும் கையுறையைக் கழற்றிக் குளியலறைக் கம்பியில் போட்டாள். கால் இரண்டையும் நீட்டித் தரையில் உட்கார்ந்தாள். கைக்குழந்தையைப் போடுவதுபோல நாயைக் கால்மேல் குப்புறப் போட்டு, உள்ளங்கையிலிருந்து முழங்கைவரை வழித்து வழித்துத் தேய்த்தாள். பிள்ளைக்கு யாராவது கையுறை போட்டுக்கொண்டா எண்ணெய் தேய்ப்பார்கள்? நாயும் கண்ணை மூடிக் கிடந்தது. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

தேளைப் பார்த்த மறுநாள் காலை, கேட்டருகே டீ குடித்துக்கொண்டிருந்த பீர் முஹம்மதிடம் கேட்டாள். "பாய், அந்த நாய்க்கு யாரு பச்ச குத்துனது?"

"நாய்க்கா? இன்னாக்கா, முந்தி ஆடுன்ன. இப்ப பச்சன்ற."

"மெய்யாலுமே பாய். முன்னங்கால்ல தேளு கீது."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. டீயை ஊதினார், ஆனால் குடிக்கவில்லை. "கன்னியம்மா கையில இருந்துச்சு தேளு," என்றார்.

கன்னியம்மா டெல்பினுக்கு முன்னால் கோகோவுக்கு எண்ணெய் தேய்த்தவள். வீடு சிந்தாதிரிப்பேட்டையில், கூவத்துக்கரை. ஏழு வயசில் அம்மா மடியில் இறுக்கிப் பிடித்து, வாயில் வெல்லத்தை வைத்து அடைத்து, குறத்தியிடம் குத்தவிட்ட தேள் அது. அந்தக் கதையைப் பால்காரனுக்குக்கூடச் சொல்லாமல் விடமாட்டாளாம். எட்டு மாதம் வேலை செய்தவள், ஒருநாள் வரவில்லை. அப்புறம் வரவேயில்லை.

டெல்பின் அவளுக்குத் தோதாக ஒரு முடிவுக்கு வந்தாள். இந்தப் பணக்காரர்கள் கன்னியம்மாவின் கையைப் போட்டோ பிடித்துக்கொண்டு போய் நாய்க்குக் குத்தியிருப்பார்கள், விசித்திர நாய்க்கு இன்னும் கொஞ்சம் விசித்திரம். அந்த நினைப்போடு சாந்தோம் குப்பத்து வீட்டுக்குப் போய், குழாயடியில் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கையைக் கழுவும்போது தன் கையைப் பார்த்தாள்.

அவள் இடது முன்கையிலும் பச்சை உண்டு. சின்னதாக ஒரு சிலுவை, அதன் கீழே 'நோயல்'.

அவளுடைய ஒரே பிள்ளை. முன்பல் இரண்டும் விழுந்த வாயோடு தெருவெல்லாம் சுற்றுவான். எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பி, வாயைத் திறந்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் ஓடி வருவான். ஏழு வயசில் காய்ச்சலில் போனான். அந்த வருஷம் பெசன்ட் நகர் வேளாங்கண்ணிக் கோயில் கொடியேற்றத்தில், பேட்டரி ஊசிக்காரனிடம் கையை நீட்டினாள். அடுத்த வருஷம் சுனாமி வந்து குடிசையையும் அதிலிருந்த இரண்டு போட்டோவையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது. பிள்ளை இருந்தான் என்பதற்கு உலகத்தில் மிச்சம் அந்தக் கைதான். ஆனால் அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஊசிக்காரன் வேறு யார் பேரையோ குத்தி ஏமாற்றியிருந்தால்? அந்தச் சந்தேகம் அவளைப் பல வருஷம் அரித்தது. அதற்காகவே நாற்பத்தைந்து வயசில், கன்னியாஸ்திரீகள் நடத்திய மாலை வகுப்பில் சிலேட்டோடு போய் உட்கார்ந்தாள். அவள் தானாகப் படித்த முதல் வார்த்தை அவள் கையில் இருந்தது. அன்றிலிருந்து எழுத்து என்று எது கண்ணில் பட்டாலும், பஸ் பலகையோ பொட்டலக் காகிதமோ, கூட்டிக் கூட்டிப் படித்துவிடாமல் நகரமாட்டாள்.

இப்போது அந்தப் பேரின் கடைசி எழுத்துக்கு மேல் புள்ளி இல்லை.

சோப்புப் போட்டுத் தேய்த்தாள். துடைத்தாள். விளக்கின் அடியில் பிடித்துப் பார்த்தாள். வயசானால் மங்கும்தான். தூங்கிப் போனாள்.

காலையில் கோகோவின் காலில், தேளின் கொடுக்குக்குக் கீழே, பச்சையாக ஒரு புள்ளி.

அன்றைக்கே ஜெயஸ்ரீயிடம் சொன்னாள். ஜெயஸ்ரீ நாயின் காலைப் பார்க்கவில்லை, டெல்பினின் கையைப் பார்த்தாள். "கிளவுஸ் போட்டுத்தான தேய்க்க?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்று டெல்பின் பொய் சொன்னாள். இந்தப் புழுக்கத்திலும் ஜெயஸ்ரீ மணிக்கட்டுவரை கை வைத்த ரவிக்கை போட்டிருப்பதும், அவள் அந்த நாயை ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. கையுறை அவமானத்துக்குக் கொடுத்தது இல்லை.

அதன்பின் கையுறை இல்லாமல் அவள் தொடவில்லை. ஆனாலும் நிற்கவில்லை. வடிய ஆரம்பித்த பானை மாதிரி அது தன்பாட்டுக்கு வடிந்தது. சிலுவையின் அடி போனது. புள்ளி போன 'ல'வும் போனது. போனதெல்லாம் மறுநாள் காலை அங்கே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சிந்தாதிரிப்பேட்டைக்குப் பஸ் ஏறினாள். கன்னியம்மா வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நல்ல ஆரோக்கியம், நல்ல சிரிப்பு. வா, உட்கார் என்றாள். மீன் செதில் ஒட்டிய அவள் முன்கை பச்சைக் குழந்தையின் கைபோல வழுவழுவென்று இருந்தது. ஒரு மயிர் இல்லை. ஒரு புள்ளி இல்லை.

"உன் கையில தேளு இருந்துச்சாமே," என்றாள் டெல்பின்.

"தேளா? என் கையிலியா?" கன்னியம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள். "யாரு சொன்னது?"

"உங்கம்மா மடியில போட்டுக் குத்தவுட்டாங்களாம். வாயில வெல்லம் வச்சு."

கன்னியம்மா அரிவாள்மனையில் வைத்த மீனோடு கொஞ்ச நேரம் யோசித்தாள். துக்கம் எதுவும் இல்லை அந்த முகத்தில். கடையில் வாங்காத சாமானைப் பற்றிக் கேட்டதுபோல இருந்தது.

"அம்மாவா?" என்றாள். "எனக்கு ஏது அம்மா?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் டெல்பின் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தாள். நோயல். நோயல். பக்கத்தில் இருந்தவள் எழுந்து வேறு சீட்டுக்குப் போனாள். நீலக் கோடு போட்ட சட்டை. ஆஸ்பத்திரித் தாழ்வாரம். கால்மேல் படுத்துக்கொண்டு கோலி சோடா கேட்டான். எல்லாம் இருக்கிறது. இன்னும் இருக்கிறது.

வேலையை விட்டுவிட்டால் தீர்ந்தது என்று புதன்கிழமை வரை நினைத்தாள். ஆனால் போன எழுத்துகள் அந்த நாயிடம் இருக்கின்றன. பிள்ளையை அந்நியன் வீட்டில் விட்டுவிட்டு எவள் கிளம்புவாள்? இங்கேயிருந்து அங்கே போனது அங்கேயிருந்து இங்கே வராதா? மூன்று மாடிக்குச் செங்கல் ஏற்றினவளுக்கு இறக்கத் தெரியாதா?

வியாழக்கிழமை மதியம் மழை பிடித்துக்கொண்டது. முகூர்த்த நாள் என்று புருஷனும் மனைவியும் கடையில் இருந்தார்கள். பீர் முஹம்மது கேட்டருகே தகரத்தின் கீழ் ஒண்டியிருந்தார். டெல்பின் அறைக்குள் போய்த் தாழ் போட்டாள். மூன்று மணிக்குக் கரண்ட் போனது. ஏ.சி.யின் உறுமல் நின்றதும், அதுவரை அதற்கடியில் கிடந்த சத்தமெல்லாம் மேலே வந்தன. மழை. ஜன்னல் தகட்டில் சொட்டு. தோட்டத்துக் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நகம் கீறும் ஒலி. மாப்பும் ஆட்டுக்குட்டியும் நனைந்துகொண்டு அங்கே நின்றன. குரைக்கவில்லை. உள்ளே பார்த்துக்கொண்டு நின்றன.

அறையில் தேங்காய் எண்ணெய் வாசம், பினாயில் வாசம். இரண்டுக்கும் அடியில், பிள்ளை காய்ச்சலில் புழுங்கும்போது வருகிற அந்தப் புளித்த வாடை.

கையுறையைக் கழற்றினாள். தன் கையில் 'நோ' மட்டும் மிச்சம். நாயின் காலில் மீதியெல்லாம். கால்களை நீட்டி உட்கார்ந்தாள். கூப்பிடாமலே கோகோ வந்து கால்மேல் படுத்தது. இடது முன்னங்காலை அதுவாகவே நீட்டியது.

அவள் கவனித்தாள். கவனித்தும் நிறுத்தவில்லை.

பச்சையோடு பச்சை சேரும்படி முன்கையை வைத்தாள். தேய்த்தாள்.

"வந்துடு ராஜா. அம்மாகிட்ட வந்துடு."

சூடு ஏறியது. அந்தச் சூடு அவளுக்குத் தெரியும். அன்று இரவு கால்மேல் கிடந்த அதே சூடு. நீலக் கோடு போட்ட சட்டை. தாழ்வாரம். கோலி சோடா கேட்டான். தேய்த்தாள்.

கோடு போட்ட சட்டை. சோடா கேட்டான்.

தேய்த்தாள்.

ஏதோ சட்டை. என்னவோ கேட்டான்.

விடக் கூடாது. பிடி. எதைப் பிடிக்க?

தேய்த்தாள்.

தாழ்வாரம். யாரோ.

சூடு.

நல்ல சூடு.

கரண்ட் வந்தது. ஏ.சி. உறுமியது. எதற்குத் தாழ் போட்டோம் என்று டெல்பின் யோசித்துப் பார்த்தாள், பிடிபடவில்லை. முகமெல்லாம் நனைந்திருந்தது. கண்ணில் எண்ணெய் பட்டிருக்கும் என்று முந்தானையால் துடைத்தாள். கையில் வழிந்த எண்ணெயையும் துடைத்தாள். கை கழுவி வைத்த சிலேட்டுபோலச் சுத்தமாக இருந்தது.

நாயின் காலில் ஏதோ எழுத்து.

எழுத்தைப் பார்த்தால் அவள் விடமாட்டாளே. வெளிச்சத்துக்குத் திருப்பி, விரலை வைத்து, ஒவ்வொன்றாகக் கூட்டினாள். "நோ. ய. ல்."

நாயின் நிஜப் பேராக இருக்கும். யார் வைத்த பேரோ. நன்றாகத்தான் இருக்கிறது. ஒருதரம் சேர்த்துச் சொல்லிப் பார்த்தாள்.

"நோயல்."

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நின்ற இரண்டும் பின்னோக்கி நடந்து மழைக்குள் போயின.

யார் கூப்பிட்டும் திரும்பாத நாய் திரும்பியது. அவள் முகத்தை நேராகப் பார்த்தது. பார்த்து, வாயைத் திறந்தது. காலையில்தான் அந்தப் பற்களை அவள் ஒவ்வொன்றாகத் தேய்த்துவிட்டிருந்தாள். மேல்வரிசை நடுவில் இப்போது இரண்டு பல் இல்லை.

அது வாயைத் திறந்தபடியே, அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.